வெள்ளிக்காசின் பூப்பக்கம்: ரோமானியர்கள் யாருக்காகப் படம் போட்டார்கள்?

ரோமானிய வெள்ளிக்காசு என்றதும் நம் மனதில் வருவது பக்கவாட்டில் திரும்பிய ஒரு பேரரசர் முகம்தான். எடுப்பான மூக்கு, தலையில் இலைமாலை, சுற்றிலும் எழுத்து. ஆனால் தெனாரியஸ் என்ற அந்தக் காசு புழக்கத்துக்கு வந்த முதல் நூற்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, ரோம் நகரத்து அக்கசாலையில், அதாவது காசு அடிக்கும் இடத்தில், உயிரோடிருக்கும் மனிதர் ஒருவர் முகத்தைக்கூட அச்சடித்ததில்லை. முதல்முறை அடித்த சில வாரங்களிலேயே அந்த முகத்துக்குச் சொந்தக்காரரைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். காசுக்காக மட்டும் கொல்லவில்லை, சரி. ஆனால் கொன்றவர்களின் புகார்ப் பட்டியலில் எழுதாமலே இருந்த ஒரு வரி அது.

முகம் வருவதற்கு முன்னால் காசில் என்ன இருந்தது, வந்த பிறகு என்ன ஆனது, இதையெல்லாம் யார் உட்கார்ந்து பார்த்தார்கள்? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாணயவியல் நூல்களைப் படித்தால், ஒவ்வொரு படமும் பேரரசு முழுவதற்கும் அனுப்பிய செய்தி என்ற எண்ணம் வந்துவிடும். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

தெனாரியஸ் பிறந்தது கி.மு. 211 வாக்கில், கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் இத்தாலிக்குள் நின்று ரோமை ஆட்டிவைத்துக்கொண்டிருந்த காலத்தில். போர்ச்செலவில் பழைய காசு முறை நொடித்துப்போக, புதிதாக ஒரு வெள்ளிக்காசைக் கொண்டுவந்தார்கள். எடை முதலில் நாலரை கிராம், அப்புறம் நாலு கிராமுக்குக் கொஞ்சம் கீழே. அகலம் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு, ஏறக்குறைய நம் ஐம்பது பைசா அளவு. தலைப்பக்கத்தில் சிறகு வைத்த தலைக்கவசம் போட்ட ரோமா தேவி, அவள் கழுத்துக்குப் பின்னால் பெருக்கல் குறி மாதிரி ஓர் எழுத்து. அது ரோமானிய இலக்கத்தில் 10. பத்து செப்புக்காசுக்கு ஒரு தெனாரியஸ் என்று அர்த்தம். பூப்பக்கத்தில் இரட்டையர்களான காஸ்டரும் போலக்ஸும் ஈட்டி நீட்டிக் குதிரையில் பாய்கிறார்கள், இருவர் தலைக்கு மேலும் ஒவ்வொரு நட்சத்திரம். ரெகில்லஸ் ஏரிக்கரைப் போரில் இந்த இரட்டைத் தெய்வங்கள் ரோமுக்காக இறங்கிச் சண்டை போட்டார்கள் என்பது அந்த ஊர்க் கதை. ஹன்னிபால் வாசலில் நிற்கும்போது அடித்த காசில் ‘தெய்வம் நம் பக்கம்’ என்று போட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அடித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் காசைப் பார்த்தால் பாதிதான் புரியும். தலைப்பக்க அச்சு பட்டடைக்கல்லில் பதித்திருக்கும். சூடேற்றிய வெள்ளி வில்லையைக் குறடால் எடுத்து அதன் மேல் வைப்பார்கள், பூப்பக்க அச்சைச் செதுக்கிய உளியை மேலே நிறுத்துவார்கள், சம்மட்டியால் ஒரே போடு. அவ்வளவுதான். அச்சைச் செதுக்கியவன் எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருந்தாலும், வில்லையை வைத்தவன் கை கொஞ்சம் நகர்ந்தால் தேவிக்கு மூக்கு இருக்காது, குதிரைக்குத் தலை இருக்காது. சில நேரம் அடித்த காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், புதுக் காசின் இரண்டு பக்கத்திலும் ஒரே முகம் விழும், ஒன்று புடைப்பாக, இன்னொன்று குழிவாக, இடவலம் மாறி. கி.மு. 46இல் டைட்டஸ் கரிசியஸ் என்ற அக்கசாலை அதிகாரி இந்தக் கருவிகளையே காசில் போட்டுவிட்டார்: குறடு, பட்டடை, சம்மட்டி. தொழிலுக்கு மரியாதை செய்த காசு என்று எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

அக்கசாலை அதிகாரி என்றேனே, கதை சூடு பிடிப்பதே இவர்களால்தான். வழக்கமாக ஆண்டுக்கு மூன்று பேர். எல்லாம் பெரிய குடும்பத்துப் பிள்ளைகள், அரசியலில் முதல் படியில் நிற்கும் இளைஞர்கள். அடுத்தடுத்த பதவிக்குத் தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டும், அதற்குப் பெயர் தெரிய வேண்டும். தொடக்கத்தில் அடக்கமாகப் பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் ஓரத்தில் போட்டுக்கொண்டார்கள். கி.மு. 130களுக்குள் வரும்போது அடக்கம் போய்விட்டது. செக்ஸ்டஸ் பொம்பேயஸ் என்பவர் ரோமுலஸ், ரீமஸ் குழந்தைகளுக்கு ஓநாய் பால் கொடுக்கும் காட்சியைப் போட்டு, பக்கத்தில் அவர்களைக் கண்டெடுத்த இடையனையும் நிறுத்தினார். மினூக்கியஸ் குடும்பத்துக்காரர் தன் முன்னோருக்கு ஊர் எழுப்பிய தூணைப் போட்டார். லிக்கினியஸ் நெர்வா என்பவர் வாக்களிக்கும் காட்சியையே காட்டினார்: ஒருவர் வாக்குப் பலகையை வாங்குகிறார், இன்னொருவர் பெட்டியில் போடுகிறார். ரகசிய வாக்கெடுப்புச் சட்டம் வந்து முப்பது வருடம்கூட ஆகாத காலம் அது.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது கி.மு. 82இல் காயஸ் மாமிலியஸ் லிமெட்டானஸ் வெளியிட்ட காசு. தலைப்பக்கத்தில் மெர்க்குரி தெய்வத்தின் தலை. பூப்பக்கத்தில் ஒரு பயணி, தலையில் தொப்பி, கையில் கோல், வலக்கையைக் கீழே நீட்டியிருக்கிறார். எதிரே ஒரு நாய், முன்கால் தூக்கி, முகம் நிமிர்த்தி. இருபது ஆண்டு கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்பிய கிரேக்கக் காவிய நாயகன் உலிஸஸும், அவரை அடையாளம் கண்டுகொண்ட கிழட்டு நாய் ஆர்கோஸும்தான். எதற்கு இந்தக் காட்சி? மாமிலியஸ் குடும்பம் தங்களை உலிஸஸுக்கும் மாயக்காரி கிர்க்கிக்கும் பிறந்த டெலிகோனஸின் வம்சம் என்று சொல்லிக்கொண்டது. அதாவது ஒரு சின்னக் காசில், ‘எங்கள் குலம் டிராய் போர் காலத்தது’ என்று பீற்றிக்கொள்கிறார். காசின் விளிம்பைப் பார்த்தால் ரம்பப்பல் மாதிரி வெட்டியிருக்கும். உள்ளே செம்பை வைத்து வெள்ளி முலாம் பூசிய கள்ளக்காசு அல்ல என்று காட்டத்தான் இந்த வெட்டு என்பார்கள். ஆனால் பல் வைத்த காசிலும் முலாம் பூசியவை கிடைத்திருக்கின்றன, கள்ளர்கள் எப்போதும் ஒரு படி முன்னால். ரைன் நதிக்கு அப்பால் இருந்த ஜெர்மானியர்களோ, பல் வைத்த காசு வேண்டும், இரட்டைக் குதிரைத் தேர் போட்ட பழைய காசு வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். நாயும் உலிஸஸும் அவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பல் சொன்னது.

அப்படியானால் நாயும் உலிஸஸும் யாருக்கு? என் கணிப்பில், அதே ஊரில் அதே பதவிகளுக்குப் போட்டி போட்ட சில டஜன் குடும்பங்களுக்கு. ரோமில் ஒருவர் தூண் எழுப்பினால் எதிர்வீட்டுக்காரர் கோயில் கட்டுவார். காசு அந்தப் போட்டியின் இன்னொரு மைதானம், அவ்வளவே. தெருவில் எண்ணெய் விற்றவர் இந்த வம்சாவளியை எல்லாம் யோசித்திருப்பார் என்று நினைக்க முடியவில்லை. அன்றைய எழுத்தாளர்கள் காசுப் படத்தைப் பற்றிப் பேசுவதே அபூர்வம்.

இப்போது முகத்துக்கு வருவோம். ஜூலியஸ் சீசர் ஒரே தாவலில் அங்கே போய்விடவில்லை. கி.மு. 49இல் ரூபிகான் ஆற்றைத் தாண்டி உள்நாட்டுப் போரைத் தொடங்கியபோது அவர் அடித்த காசில் ஒரு யானை எதையோ மிதிக்கிறது. பாம்பா, அல்லது இன்றைய பிரான்ஸ் பக்கம் வாழ்ந்த கௌல் இனத்தாரின் பாம்புத்தலை வைத்த போர்க்கொம்பா என்று இன்றும் சண்டை ஓயவில்லை. கீழே ‘சீசர்’ என்று பெயர் மட்டும், பூப்பக்கத்தில் பூசைச் சாமான்கள், ஏனென்றால் அவர்தான் தலைமைப் பூசாரி. கி.மு. 44 தொடக்கத்தில் மேலவை அனுமதியோடு முகம் வந்தது. ஒட்டிய கன்னம், சுருக்கம் விழுந்த கழுத்து, வழுக்கையை மறைக்கும் மாலை, ‘வாழ்நாள் சர்வாதிகாரி’ என்ற எழுத்து. பின்னால் வீனஸ், அவர் குலதெய்வம். உயிரோடு இருக்கும்போதே முகம் போடுவது கிரேக்க அரசர்கள் வழக்கம். ரோமானியர்களுக்கு அரசன் என்ற சொல்லே ஆகாது. மார்ச் 15 அன்று சீசர் செத்தார்.

வேடிக்கை அதற்கப்புறம்தான். கொலையாளிகளில் முதன்மையான புரூட்டஸ், பத்து ஆண்டு முன்னால் அக்கசாலை அதிகாரியாக இருந்தபோது, ரோமின் கடைசி அரசனை விரட்டிய தன் முன்னோரைக் காசில் போட்டவர். மறுபுறம் ‘சுதந்திரம்’ என்ற தேவி. அதே மனிதர் கி.மு. 43–42இல் படை திரட்டிக்கொண்டு கிழக்கில் சுற்றியபோது ஒரு காசு அடித்தார். பூப்பக்கத்தில் இரண்டு குத்துவாள்கள், நடுவில் விடுதலையான அடிமை அணியும் குல்லாய், கீழே ‘ஈத் மார்’, அதாவது மார்ச் 15. உற்றுப் பார்த்தால் இரண்டு வாளின் கைப்பிடியும் வேறு வேறு. ஒன்று புரூட்டஸுடையது, இன்னொன்று கொலையில் கூட்டாளியான காசியஸுடையது என்று ஊகிப்பவர்கள் உண்டு. ஒரு கொலையை இவ்வளவு பச்சையாகக் கொண்டாடும் காசு வேறு எதையும் நான் பார்த்ததில்லை. சரி, தலைப்பக்கத்தில் யார்? புரூட்டஸேதான். தாடி வைத்த தன் முகம். எதற்காகச் சீசரைக் கொன்றாரோ அதையே செய்துவிட்டார். பின்னாளில் வரலாறு எழுதிய காசியஸ் டியோ இந்தக் காசை வர்ணித்திருக்கிறார், அந்த அளவுக்குப் பேசப்பட்டிருக்கிறது. இதே அச்சில் தங்கத்தில் அடித்த ஒன்று 2020இல் லண்டன் ஏலத்தில் 27 லட்சம் பவுண்டுக்குப் போனது. திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்தது என்று தெரிந்து 2023இல் கிரேக்க நாட்டிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

சீசரின் தளபதியாக இருந்த மார்க் ஆண்டனியின் காசுகளையும் விட முடியாது. கி.மு. 32–31இல் ஆக்டியம் கடற்போருக்கு முன்னால், தன் படைகளுக்குச் சம்பளம் கொடுக்க ஏராளமாக அடித்தார். ஒரு பக்கம் போர்க்கப்பல், மறுபக்கம் இரண்டு கொடிக்கம்பங்களுக்கு நடுவே கழுகு, ஒவ்வொரு படையணிக்கும் அதன் எண். ஆண்டனி தோற்றார், தற்கொலை செய்துகொண்டார், அவர் சிலைகளைக்கூடக் கவிழ்த்தார்கள். காசு மட்டும் இருநூறு ஆண்டுக்கும் மேல் கைமாறிக்கொண்டே இருந்தது, கழுகும் கப்பலும் தேய்ந்து நிழலாகும் வரை. காரணம் பாசம் இல்லை. மற்ற தெனாரியஸைவிட அதில் மாற்று, அதாவது வெள்ளியின் சுத்தம், குறைவு. நல்ல வெள்ளியை ஆட்கள் பதுக்கினார்கள், உருக்கினார்கள். இதை உருக்கினால் லாபமில்லை, அதனால் செலவழித்தார்கள். தோற்றவனின் சின்னம் போட்டிருக்கிறதே என்று எந்தக் கடைக்காரரும் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

ஆண்டனியை வென்று முதல் பேரரசரான அகஸ்டஸ் காலத்திலிருந்து காசில் ஒரே குடும்பம்தான். எகிப்தைப் பிடித்ததற்கு முதலை, தெய்வமாகிவிட்ட சீசருக்கு வால்நட்சத்திரம், தன் ராசிக்கு மகரம். இதில் மகரக் காசை மட்டும் பேரரசர்களின் வாழ்க்கையை எழுதிய சூட்டோனியஸ் மெனக்கெட்டுக் குறிப்பிடுகிறார். அவருக்குப் பின் வந்தவர்கள் காலத்தில் பூப்பக்கத்துக்குப் பெண் வடிவங்கள் நிரந்தரமாகக் குடிவந்தன. கையில் ஒலிவக் கிளை இருந்தால் அமைதி, தராசு இருந்தால் நியாயம், பழங்கள் வழியும் கொம்பு இருந்தால் செழிப்பு, இரண்டு படைக்கொடிகளைப் பிடித்திருந்தால் படையின் விசுவாசம். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, கையைத்தான் பார்க்க வேண்டும். இந்த வகைக் காசுகளைத் தலைகீழாகப் படிப்பது நல்லது. ‘படையின் விசுவாசம்’ என்று அடிக்கடி போட ஆரம்பித்தால், படை கையை விட்டுப் போகிறது என்று சந்தேகப்படலாம். பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் தன் இரண்டு மகன்கள் கராகல்லாவும் கீட்டாவும் கைகோத்து நிற்பதாக ‘ஒற்றுமை’ காசு அடித்தார். அப்பா கி.பி. 211 பிப்ரவரியில் இறந்தார், டிசம்பரில் அண்ணன் தம்பியை அம்மாவின் மடியிலேயே கொல்லவைத்தார்.

படம் இப்படிப் பெரிய பெரிய வார்த்தை பேசிக்கொண்டிருக்க, வெள்ளி மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது. அகஸ்டஸ் காலத்துத் தெனாரியஸ் ஏறக்குறைய சுத்த வெள்ளி. கி.பி. 64இல் நீரோ ஒரு ராத்தலுக்கு 84 காசு என்றிருந்ததை 96 ஆக்கி எடையைக் குறைத்தார், மாற்றையும் குறைத்தார். செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் பாதிதான் வெள்ளி. கி.பி. 215இல் கராகல்லா புதுக் காசு ஒன்றை இறக்கினார்: இரண்டு தெனாரியஸ் மதிப்பு, ஆனால் ஒன்றரைக் காசு எடைதான். இதை அடையாளம் காட்டப் பேரரசருக்கு இலைமாலைக்குப் பதில் கதிர்க்கிரீடம், அரசி என்றால் தோளுக்குக் கீழே பிறைநிலா. கி.பி. 260இல் பேரரசர் வலேரியன் பாரசீகரிடம் சிறைப்பட்டார், அவர் மகன் கல்லியேனஸ் காலத்தில் ‘பேரரசரின் அமைதி’ என்று காசு அடித்தார்கள். கி.பி. 270 வாக்கில் வெள்ளிக்காசு என்ற பெயரில் புழங்கியதில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட வெள்ளி இல்லை. செம்பில் மேல்பூச்சு. அதிலும் வெற்றித்தேவி சிறகு விரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

படத்தை யார் பார்த்தார்கள் என்ற கேள்விக்கு ரோமானியர்களே எழுதிவைத்த ஒரு பதில் இலங்கையிலிருந்து வருகிறது. பேரரசர் கிளாடியஸ் காலத்தில், செங்கடல் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் பிளோகமஸ் என்பவரின் ஆள் ஒருவர் புயலில் அடித்துப்போய் இலங்கையில் கரையேறினார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். ஆறு மாதம் அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டு அரசனோடு பேசினாராம். அரசன் அவரிடமிருந்த தெனாரியஸ்களைப் பார்த்து வியந்தது எதற்கு? முகங்கள் வேறு வேறாக இருக்கின்றன, ஆகவே பல பேர் அடித்தவை, ஆனாலும் எடை எல்லாம் ஒன்று! இவர்கள் நேர்மையானவர்கள் என்று முடிவு கட்டித் தூதர்களை அனுப்பினான். கதையில் பிளினி எவ்வளவு உப்புக்காரம் சேர்த்தாரோ, ஆனால் தராசை வைத்துப் பார்க்கும் அந்தப் பார்வை நிஜம்.

கொங்குநாட்டிலும் அதே பார்வைதான். முசிறிப் பக்கமிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே வரும் பாதையில் பொள்ளாச்சி, வெள்ளலூர், கரூர் என்று தெனாரியஸ் புதையல்கள் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. படியூர்ப் பச்சைக்கல்லும், மிளகும் அந்தப் பாதையில் போனவை. வெள்ளலூரில் 1842இல் கிடைத்த ஒரே புதையலில் ஐந்நூறுக்கும் மேல். ஆனால் படங்களில் விதவிதமாக எதுவும் கிடையாது, திரும்பத் திரும்ப இரண்டே வகை. ஒன்று அகஸ்டஸ் காசு. பூப்பக்கத்தில் மேலங்கி அணிந்த இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள், நடுவில் இரண்டு கேடயம், இரண்டு ஈட்டி, மேலே பூசைக் கரண்டியும் குறி பார்க்கும் பூசாரியின் வளைந்த கோலும். பேரன்களான காயஸும் லூசியஸும், அகஸ்டஸ் தத்தெடுத்து வாரிசாக வளர்த்த பிள்ளைகள். கி.மு. 2 வாக்கில் இன்றைய பிரான்ஸின் லியோன் நகரில் அடிக்கத் தொடங்கினார்கள். லூசியஸ் கி.பி. 2இல் செத்தான், காயஸ் கி.பி. 4இல். காசு செய்தியாக இருந்திருந்தால் இந்தச் செய்தி அந்த ஆண்டோடு செல்லாததாகியிருக்க வேண்டும். ஆனால் பேரூர்ப் பக்கத்து வியாபாரிக்கு அது நம்பிக்கையான வெள்ளியின் முத்திரை, இரண்டு ஆளும் கேடயமும் இருந்தால் சரக்கு சுத்தம். எழுத்தைத் தாறுமாறாகக் கிறுக்கி இதே படத்தை இந்தியாவிலேயே போலியாக அடித்த காசுகளும் கிடைத்திருக்கின்றன.

இன்னொன்று அகஸ்டஸுக்கு அடுத்து வந்த பேரரசர் திபேரியஸ் காசு, பூப்பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்த பெண். அவர் தாயார் லிவியாவோ அமைதித் தேவியோ. ‘இதில் இருப்பது யாருடைய உருவம்?’ என்று இயேசு கேட்ட அந்த வரிக்காசு இந்த வகைதான் என்று பெரும்பாலும் கருதுகிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட அதே தலைமுறையில், இதே காசு மூட்டை மூட்டையாக நம் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. இந்தியாவுக்கு ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ், அதாவது ஒன்றேகால் கோடி தெனாரியஸ் மதிப்பு, போகிறது என்று பிளினி புலம்பினார்.

நீரோ மாற்றைக் குறைத்த பிறகு அடித்த தெனாரியஸ் இங்கே சொற்பம்தான். வாங்குகிறவர்கள் பழைய வெள்ளியைக் கேட்டார்கள் அல்லது தங்கத்துக்கு மாறினார்கள். தங்கத்திலும் முகத்துக்குப் பெரிய மரியாதை கிடைக்கவில்லை. புதுக்கோட்டைச் சீமையில் 1898இல் கிடைத்த 501 ரோமானியத் தங்கக்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறது. ஏன் என்று அறிஞர்கள் பல காரணம் சொல்கிறார்கள். இனிமேல் காசாகச் செல்லாது, உலோகமாக மட்டும் கணக்கு என்று காட்டும் வெட்டு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகள் இருக்கின்றன. பார்க்கப் போகிறவர்கள் அகஸ்டஸின் முகத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு பூப்பக்கத்தில் இரண்டு பையன்களையும் தேடுங்கள். கரண்டியும் கோலும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பாருங்கள், அது அச்சுக்கு அச்சு இடம் மாறும்.